பசித்த பிரேதரும் பௌத்தர் செய்யும் தானமும்



திரிசரணம் ஏற்றுப் பஞ்சசீலம் காக்கும் நம் இல்லங்களில் ஒருவர் மறைந்துவிட்டால், துக்கம் விசாரிக்க வரும் உற்றாரில் சிலர் ஒரு கேள்வியை எழுப்பாமல் போவதில்லை. “திதி கொடுக்கவில்லை, பிண்டம் வைக்கவில்லை, போனவருடைய ஆவி சாந்தியடையாமல் அலையாதா?” என்பதே அக்கேள்வி. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் தம்மைப் பின்பற்றிய மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளுள், சிராத்தத்தையும் பிண்டதானத்தையும் விலக்கும் உறுதிமொழியும் ஒன்றாகும். ஆயிரக்கணக்கானோர் கூடிய பந்தலில் அதனை உரக்கச் சொல்வது எளிது. பெற்ற தாய் மறைந்த பதினாறாம் நாளில், அழுகின்ற வீட்டில், அதன்மேல் நிலைத்து நிற்பதே அரிது.

இந்த இடர்ப்பாட்டோடு மற்றொன்றும் வந்து சேர்கின்றது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் தமிழ் மக்கள், தம் அண்டை வீட்டுச் சீனர் ஆண்டுதோறும் ஏழாம் சந்திர மாதத்தில் தெருவோரத்தில் மெழுகுவத்தி ஏற்றி, சோறும் பழமும் வைத்து, அலையும் ஆவிகளை உபசரிப்பதைக் காண்கின்றனர். “அவர்களும் புத்தரை வணங்குவோரே, அவர்களே ஆவிக்குச் சோறு படைக்கும்போது நாம் மட்டும் ஏன் விலக்க வேண்டும்?” என்று கேட்பார் உளர். நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண வேண்டுமாயின், சீனர் வழக்கம் எங்கிருந்து வந்தது, பகவான் புத்தரின் போதனை அதில் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும்.

சீனரின் பழைய எண்ணம்

பௌத்த தருமம் சீனத்தை அடைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இறந்தோரைப் பற்றி அம்மக்கள் ஒரு கொள்கை வைத்திருந்தனர். மனிதனுக்குள் ‘ஹூன்’ என்றும் ‘போ’ என்றும் இருவகை உயிர்க்கூறுகள் உண்டு. மரணத்தில் முன்னது மேலே செல்லும், பின்னது உடலோடு மண்ணில் தங்கும் என்பது அக்கொள்கை. இறந்தவரைக் குறிக்கும் ‘குய்’ என்ற சொல்லுக்கு, ‘திரும்பிச் சென்றவர்’ என்று அவர்களுடைய பழைய அகராதியாளர் பொருள் கூறினர். வழிபட மக்கள் உள்ளவர் குலமுன்னோராகிப் பெருமையோடு இருப்பர். பிள்ளையற்றவர், போரில் மடிந்தவர், நீரில் மூழ்கியவர், அநியாயமாகக் கொல்லப்பட்டவர் ஆகியோர் திரும்பிச் செல்ல இடமின்றி அலைவர் என்பது அவர்கள் நம்பிக்கை.

இது குறித்துச் சீன வரலாற்று நூலாகிய ‘ட்சோ ச்சுவான்’ ஒரு நிகழ்ச்சியைக் குறித்து வைத்துள்ளது. ச்செங் நாட்டில் போ-யூ என்னும் பிரபு கி.மு. 543-இல் உட்பகையால் கொல்லப்பட்டான். பின்னர் அவன் ஆவி கவசம் பூண்டு வருகின்றது என்று ஊர் நடுங்கியது. ஆவி வருவதாகச் சொல்லக் கேட்டவுடனே மக்கள் திசை தெரியாமல் ஓடினர். கி.மு. 535-இல், அந்நாட்டு அமைச்சன் ட்சு-ச்சான் ஒரு காரியம் செய்தான். மந்திரவாதியை அழைக்கவில்லை, பலி கொடுக்கவில்லை. கொல்லப்பட்டவனுடைய மகனை அழைத்துத் தந்தையின் உரிமைப் பதவியில் அமர்த்தினான். அச்சம் அடங்கியது. காரணம் கேட்டபோது, சென்று சேர ஓர் இடம் கிடைத்த ஆவி தீங்கு செய்வதில்லை என்று அவன் விளக்கினான்.

அன்பர்களே! இந்த அமைச்சன் பௌத்தன் அல்லன். ஆயினும் அவன் செய்கையில் ஆழ்ந்த அறிவு உண்டு. ஊரில் ஆவி அலைகின்றது என்ற பேச்சு எழுமாயின், அங்கே தீர்க்கப்படாத அநீதி ஒன்று புதைந்து கிடக்கின்றதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பதை அவன் கண்டான். இறந்தவனுக்குச் செய்யத் தக்கது, உயிரோடு இருக்கும் அவன் பிள்ளைக்கு நியாயம் செய்தலே என்பதையும் கண்டான்.

மொக்கல்லானரும் அவர் தாயும்

இத்தகைய நிலத்தில்தான் பௌத்தக் கதை ஒன்று விதையாக விழுந்தது. அதனைத் தாங்கிய சிறு நூலுக்குச் சீன மொழியில் ‘யூலான்பென்’ சூத்திரம் என்று பெயர். கி.பி. மூன்றாம் நூற்றாண்டினரான தருமரக்ஷர் அதனை மொழிபெயர்த்தார் என்பது மரபு. அவர் பெயர் பிற்காலத்தில் ஏற்றப்பட்டது என்று கருதும் ஆராய்ச்சியாளரும் பலர். தலைகீழாகத் தொங்கும் துன்பம் என்று அத்தலைப்புக்கு நெடுங்காலமாகப் பொருள் சொல்லி வந்தனர். ஜப்பானிய அறிஞர் கராஷிமா செய்ஷி இதனை மறுத்து, அச்சொல்லின் அடியில் இருப்பது சோறு எனப் பொருள்படும் ‘ஓதனம்’ என்ற வடசொல்லே என்றும், நூலின் பெயர் சோற்றுக் கிண்ணம் என்று பொருள்படும் என்றும் எடுத்துக் காட்டினார். ஓதனம் என்ற சொல் நம் தமிழ் இலக்கியத்துக்கும் புதிதன்று. கதையின் உயிர்நாடியே ஒரு கிண்ணம் சோறுதான் என்பதைக் கேட்போர் உணர்வர்.

பகவானின் இரு பெருஞ்சீடர்களுள் ஒருவராகிய மொக்கல்லானர் இருத்தி ஆற்றல்களில் முதன்மை பெற்றவர். தம்மை வளர்த்த பெற்றோருக்குக் கைம்மாறு செய்ய விரும்பிய அவர், ஞானக் கண்ணால் உலகங்களை நோக்கினார். மறைந்த தாய் பிரேத கதியில், உணவும் நீரும் காணாது, எலும்பும் தோலுமாக நிற்கக் கண்டார். நெஞ்சு துடித்தது. தமது பிக்ஷா பாத்திரம் நிறையச் சோறு எடுத்துத் தாயிடம் கொடுத்தார். அவள் இடக்கையால் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு வலக்கையால் சோற்றை அள்ளினாள். கவளம் வாயை அடையுமுன் நெருப்புத் தணலாக மாறியது. ஒரு பருக்கையும் உண்ண முடியவில்லை. மொக்கல்லானர் கதறி அழுது பகவானிடம் ஓடினார்.

பகவான் அருளியது யாது? உன் தாயின் வினை வேரூன்றியது. நீ எத்துணை ஆற்றல் உடையவனாயினும் தனி ஒருவனாக அதனை மாற்ற இயலாது. மழைக்காலத் தவம் முடித்துப் பிக்ஷுக்கள் ஒருவர் குற்றத்தை ஒருவர் எடுத்துக்காட்டித் தூய்மை பெறும் பவாரணை நாளில், எத்திசையினின்றும் வந்த சங்கத்துக்கு உணவளித்து, அந்நல்வினையை உன் தாய்க்கும் ஏழு தலைமுறைப் பெற்றோர்க்கும் உரித்தாக்கு என்பது அவ்வறிவுரையின் சாரம். மொக்கல்லானர் அவ்வாறே செய்தார். அன்றே தாய் அத்துன்பத்தினின்று விடுபட்டாள். சீனத்தில் பவாரணை ஏழாம் மாதம் பதினைந்தாம் நாளில் வருமாதலால் அந்நாளே திருநாளாயிற்று. பிக்ஷுக்களின் தூய்மை கண்டு புத்தர் மகிழும் நாள் என்றும் அதற்குப் பெயர் உண்டு.

இடக்கை

இக்கதையைப் படிப்போர் தணலைக் கண்டு திகைப்பர். நாம் அந்த இடக்கையை நோக்குவோம். அங்கே பறிக்க வந்தவர் எவரும் இல்லை. எதிரே நின்றவன் சோறு கொண்டுவந்த மகனே. இருந்தும் அவள் கை பாத்திரத்தை மறைத்தது. வாழ்நாளெல்லாம் மறைத்துப் பழகிய கை, செத்தபின்பும் மறைத்தது. பிரேத நிலை என்பது இதுவே. பசியைத் தீர்க்கும் சோறு முன்னிற்க, பகிர மறுக்கும் மனம் அச்சோற்றையே நெருப்பாக்குகின்றது. வயிறு மலை போன்றும் தொண்டை ஊசித்துளை போன்றும் பிரேதரை ஓவியர் எழுதியது வெறும் அச்சுறுத்தலுக்கன்று. ஆசை பெரிது, கொள்ளும் வாயில் சிறிது என்பதைக் கண்ணுக்குக் காட்டினர்.

மகன் தரும் சோறு ஏன் பயன்படவில்லை என்பதும் கருதத்தக்கது. தாய்க்கென்று தனியே கொடுத்த உணவு எரிந்தது. பிறர்க்கென்று கொடுத்த உணவு தாயை விடுவித்தது. பிண்டத்துக்கும் தானத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது.

வழக்கம் பரவிய வரலாறு

லியாங் மரபின் வூ மன்னர் கி.பி. 538-இல் இத்தானத்தை நடத்தினார் என்று பிற்காலப் பௌத்த வரலாற்று நூல் கூறும். ஆறாம் நூற்றாண்டில் ட்சோங் லின் எழுதிய ஆண்டு விழாக் குறிப்புகளிலும் இத்திருநாள் இடம் பெற்றது. ஜப்பானியத் துறவி என்னின் கி.பி. 840-இல் தாய்யுவான் நகரில் இவ்விழாவைத் தம் கண்ணாற் கண்டு நாட்குறிப்பில் எழுதினார். ஜப்பானில் இது ‘ஓபோன்’ என்ற பெயரால் இன்றும் நடைபெறுகின்றது. அதே நாளைத் தாவோ சமயத்தினரும் ‘ச்சோங்யுவான்’ என்று கொண்டாடினர். இரண்டும் கலந்தன, கீழுலக வாயில் மாதம் முழுவதும் திறந்திருக்கும், ஆவிகள் ஊருக்குள் உலாவும் என்ற மக்கள் நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

கதையும் வளர்ந்தது. துன்ஹுவாங் குகையில் கிடைத்த கையெழுத்துப் படிகளில், தாய் அவீசி நரகில் வீழ்ந்து, பிரேதமாகி, பின்பு இராசகிருகத்தில் ஒரு கறுப்பு நாயாகப் பிறந்து, இறுதியில் மகன் முயற்சியால் மனித வடிவம் பெறுகின்றாள். மகன் வெளியூர் சென்றிருந்தபோது பிக்ஷுக்களுக்கும் ஏழைகளுக்கும் இட வேண்டியதை ஒளித்துவைத்து, இட்டேன் என்று பொய் சொன்னதே அவள் செய்த குற்றம். வட சோங் மரபின் தலைநகரில் இக்கதை ஏழாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை நாடகமாக நடந்தது என்று 1147-இல் மெங் யுவான்லாவ் எழுதியுள்ளார்.

உறவற்ற ஆவிகளுக்கு உணவளிக்கும் மற்றொரு சடங்கும் உண்டு. வாயில் தீ எரியும் பிரேதம் ஒன்று ஆனந்தரிடம் தோன்றியதைக் கூறும் சூத்திரம் அதற்கு மூலம். அதனைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர் அமோகவஜ்ரர் (705–774). அவருடைய ஆசிரியர் வஜ்ரபோதி தென்னாட்டு மலய நாட்டினர் என்று சீனச் சரித நூல் கூறும். தெற்கிலிருந்து சென்ற ஒருவரின் மாணவர் வழியாக, யாருக்கும் உறவில்லாதவர்க்கும் ஒரு கவளம் என்னும் எண்ணம் சீனத்தில் வேரூன்றியது நமக்குப் பெருமையே. சீனருள் ஒரு சாரார் அந்த உறவற்ற ஆவிகளைப் ‘பேய்’ என்று சொல்லாமல் ‘நல்ல சகோதரர்’ என்று அழைப்பதும் போற்றத்தக்கது.

ஆனால் காகிதப் பணத்தையும் காகித வீடுகளையும் எரிக்கும் வழக்கம் புத்தர் போதித்ததன்று. மாண்டவர்க்குப் பணம் அனுப்பலாம் என்ற எண்ணம் அந்நாட்டுப் பழைய நம்பிக்கை. அதனை விலக்கி, அந்நாளில் மரக்கறி உணவும் ஏழைகளுக்கு உதவியும் போதும் என்று எடுத்துரைக்கும் பிக்ஷுக்களும் சீன நாட்டார்க்குள் உண்டு. எனவே, ‘சீனர் செய்கின்றனர்’ என்பதால் ஒன்று பௌத்தம் ஆகிவிடாது. ‘சீனர் செய்கின்றனர்’ என்பதாலேயே அது மூடநம்பிக்கையும் ஆகிவிடாது.

பாலி நூல்கள் கூறுவது

நம் தேரவாத மரபிலும் பிரேதரைப் பற்றிய நூல் உண்டு. ‘பேதவத்து’ என்னும் அந்நூலில் 51 கதைகள் உள்ளன. அதற்கு உரை கண்ட ஆசாரிய தம்மபாலர், இலங்கைக்கு அண்மையில் தமிழர் நாட்டிலிருந்த பதரதித்த விகாரையில் வாழ்ந்தவர் என்பது மரபு.

மன்னன் பிம்பிசாரன் பகவானுக்கும் சங்கத்துக்கும் முதன்முதலாக உணவளித்த நாளில், அவனுடைய பழம்பிறவி உறவினர் பிரேதராய் அரண்மனைச் சுவருக்கு வெளியே காத்து நின்றனர். முற்காலத்தில் சங்கத்துக்கென்று வைத்த உணவைத் தாமே உண்டவர்கள் அவர்கள். அரசன் அவர்களை நினைக்கவில்லை. அன்றிரவு எழுந்த ஓலம் கேட்டு அஞ்சிய அவன், மறுநாள் பகவானிடம் காரணம் அறிந்து, மீண்டும் தானம் செய்து அதன் நன்மையை அவர்களுக்கு உரித்தாக்கினான். நீர் கொடுத்தபோது அவர்கள் தாகம் தணிந்தது. உணவு கொடுத்தபோது பசி ஆறியது. ஆடை கொடுத்தபோது உடுத்தனர். பிரேதருடைய உலகில் உழவு இல்லை, கால்நடை இல்லை, வாணிபம் இல்லை. அழுகையும் புலம்பலும் அவர்களுக்குப் பயன்படா. இங்கிருந்து நல்வினையாய்ச் செல்வதே பயன்படும் என்பது பகவான் அங்குத் தந்த போதனை.

ஜாணுஸ்ஸோணி என்னும் பிராமணர் இன்னும் நேராகவே கேட்டார்: நாங்கள் செய்யும் சிராத்தம் இறந்தவரை அடைகின்றதா? பகவான் ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கொலை முதலிய தீமை செய்து நரகில் பிறந்தவர்க்கு அங்குள்ளதே உணவு. விலங்காய்ப் பிறந்தவர்க்கு விலங்கின் உணவு. மனிதராய்ப் பிறந்தவர்க்கு மனித உணவு. தேவராய்ப் பிறந்தவர்க்குத் தேவ உணவு. பிரேத கதியில் உள்ளவர்க்கே அது பயன்படும் என்றார். உறவினர் எவரும் அங்கு இல்லையெனில் என்ன ஆகும் என்று பிராமணர் வினவினார். கொடுத்தவன் ஒருபோதும் பயனின்றிப் போவதில்லை என்று பகவான் முடித்தருளினார்.

அன்பர்களே! இவ்விடையின் நேர்மையைக் கவனியுங்கள். இறந்தவர் அனைவரும் நம் சோற்றுக்காகக் கைநீட்டிக் காத்திருக்கின்றனர் என்று கூறி உங்களை அச்சுறுத்த அவர் விரும்பவில்லை. நன்கு வாழ்ந்த உங்கள் தாய் தன் வினைவழியே சென்றுவிட்டாள். நீங்கள் பிண்டம் வைக்காததால் அவள் பட்டினி கிடக்கப் போவதில்லை.

பிண்டமும் தானமும்

அப்படியாயின் மொக்கல்லானர் செய்ததும் பிம்பிசாரன் செய்ததும் வேறு பெயரிட்ட சிராத்தம்தானே என்று அறிவுடையோர் வினவலாம். மூன்று வேறுபாடுகள் உள்ளன.

முதலாவது, பிண்டத்தை இடுவதற்கு ஆண்மகன் வேண்டும். அதனை நடத்தப் பிறப்பால் உரிமை பெற்ற ஒருவர் வேண்டும். தானத்துக்கு இவ்விரண்டும் வேண்டா. மகளும் செய்யலாம், மருமகளும் செய்யலாம், அயலாரும் செய்யலாம். பிறப்பினால் நம்மைத் தாழ்த்தியவரே நம் தந்தையின் நற்கதிக்கும் திறவுகோல் வைத்திருக்க வேண்டும் என்ற நிலை இங்கு இல்லை.

இரண்டாவது, பிண்டச்சோறு காக்கைக்கும் ஆற்றுநீருக்கும் போகின்றது. தானச்சோறு பசித்த மனிதர் வயிற்றை நிறைக்கின்றது. அந்நன்மையை நினைத்து மகிழும் மனமே, இருப்பவர்க்காயினும் இறந்தவர்க்காயினும், பயன் பெறும் மனம்.

மூன்றாவது, சிராத்தத்தின் அடியில் பெரும்பாலும் அச்சம் இருக்கின்றது: செய்யாவிடில் சாபம் வரும், பிள்ளைக்கு நோய் வரும் என்ற அச்சம். தானத்தின் அடியில் நன்றியும் கருணையும் இருக்கின்றன. அச்சத்தினால் கொடுப்பவன் கையும் பாத்திரத்தை மறைத்த கையே.

பௌத்தத்தில் அழியாத ஆன்மா இல்லை என்று கேட்டிருக்கின்றோமே, பிரேதம் மட்டும் எப்படி அலையும் என்று இளைஞர் சிலர் கேட்பர். தமிழில் பிரேதம் என்றால் பிணம். பாலியில் ‘பேத’ என்பது இங்கிருந்து சென்றவரைக் குறித்துப் பின்னர் ஒரு கதியின் பெயராயிற்று. உடலை விட்டுப் பறந்து திரியும் நிலையான ஆவி ஒன்றை அச்சொல் குறிக்கவில்லை. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றினாற்போல வினையின் தொடர்ச்சியாய் நிகழும் ஒரு பிறவியை அது குறிக்கின்றது. அப்பிறவியை அப்படியே ஏற்போர் ஏற்கலாம். மனித மனத்திலேயே அந்நிலையைக் காண்போர் அவ்வாறு காணலாம். இருசாராரும் செய்ய வேண்டிய செயல் ஒன்றே. தட்டில் சோறு இருக்க மனம் எரிகின்றவனையும், தட்டே இல்லாமல் வயிறு எரிகின்றவனையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

பேயச்சத்தைப் பற்றி நம் மணிமேகலை தெளிவாகவே பேசுகின்றது. சார்ங்கலன் என்னும் சிறுவன் சுடுகாட்டில் பேயைக் கண்டு நடுங்கி உயிர்விட்டான். தாய் கோதமை பேய்தான் மகனைக் கொன்றது என்று சம்பாபதியிடம் முறையிட்டாள். பேய் உயிரை உண்பதில்லை, அவனுடைய அறியாமையும் ஊழ்வினையுமே காரணம் என்று அத்தெய்வம் மறுத்தது. போன உயிரைத் தேவர் எவராலும் மீட்டுத்தர இயலாது என்பதையும் அவளுக்குக் காட்டிற்று. அதே காவியத்தில் காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தது மந்திரமன்று, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட சோறே. ஆதலின் நம் வீட்டுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாலோ, தன்னை மறந்து பேசினாலோ, வேப்பிலை கொண்டு அடிப்பவனிடம் அவளைக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் மனத்தில் புதைந்துள்ள துயரம் யாது என்று அன்போடு கேளுங்கள். அந்தச் சீன அமைச்சன் கண்டதுபோல, அவளுக்கு நாம் செய்யத் தவறிய நியாயம் ஒன்று அங்கே இருத்தல் கூடும்.

நாம் செய்யத் தக்கது

இறந்தவர் நாளை மறந்துவிடுங்கள் என்று தம்மம் சொல்லவில்லை. மறப்பது நன்றியன்று. அந்நாளில் வீட்டாரும் அண்டையாரும் கூடுங்கள். பகவான் திருவுருவின் முன் விளக்கும் மலரும் வைத்துத் திரிசரண பஞ்சசீலம் சொல்லுங்கள். மறைந்தவர் செய்த நன்மை ஒன்றைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுங்கள். பிக்ஷுக்கள் இருப்பின் உணவளியுங்கள். இல்லையேல் உங்கள் தெருவில் அன்று அடுப்பெரியாத வீடு எதுவென்று பார்த்து அங்கே உணவு கொண்டு செல்லுங்கள். படிப்பை நிறுத்தவிருக்கும் ஒரு பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பின்பு கைகூப்பி, இந்நன்மை எம் தாய்க்கும், எமக்கு உறவென்று சொல்ல எவருமின்றி மறைந்தோர்க்கும் ஆகுக என்று மனமார நினையுங்கள். கடன் வாங்கிச் செய்யாதீர்கள். ஒரு கைப்பிடி அரிசியாயினும் போதும்.

வீட்டில் முதிய தாய்மார் எவரேனும் அஞ்சினால் அவரோடு வாதாடி வெல்ல முயலாதீர்கள், ஏளனமும் செய்யாதீர்கள். அவர் அச்சத்துக்கு உள்ளே அன்புதான் இருக்கின்றது; கணவரோ பிள்ளையோ பசித்திருப்பாரோ என்ற கவலைதான் இருக்கின்றது. அவர் கையிலேயே அந்தச் சோற்றைக் கொடுத்து, பசித்த ஒரு குழந்தைக்கு இடச் சொல்லுங்கள். அக்குழந்தை உண்டு முடித்துச் சிரிக்கும்போது, நூறு வாதங்கள் உண்டாக்காத அமைதி அவர் உள்ளத்தில் உண்டாகும்.

பாத்திரத்தை மறைக்கும் இடக்கையை நாம் உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுவோமாக. எத்திசையில் பசித்திருக்கும் உயிரும் பசி நீங்குக. அஞ்சியிருக்கும் உள்ளம் அச்சம் நீங்குக.

நமோ புத்தாய!